நெஞ்சில் தொங்கிய கத்தி

அன்று நாகமலை முகட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். சர்வேயர் வேதமாணிக்கம் ஐயா. கோணம் அளக்கிற தியோடலைட் கருவியின் பெட்டியைச் சுமந்துவந்த சுப்புராமன். கொடிக்கம்பும் அரிவாளும் வைத்திருந்த மாயாண்டி. தண்ணீரும் சோற்றுமூட்டையும் கொண்டுவந்த சமையல்காரர் காதர் பாய். நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடிக்கும் கலாசி, அதாவது சர்வே கூலியாள், முத்தையாவாகிய நான். ஆறாவது ஆள் கிடையாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தானும் கூட இருந்து பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை உட்காரவைத்தால் ஒரு கல்யாணப் பந்தி நிரம்பிவிடும்.

போன மாதம், எங்கள் பழைய ஆபீசில் இப்போது வேலை பார்க்கிற இருவர் வில்லாபுரத்தில் என் வீடு தேடி வந்தார்கள். லீவில் கூட்டாளிகளோடு முதுகில் பை மாட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறார்களாம்.

"அண்ணே, கனமில்லாத சின்னக் கத்தியா ஒண்ணு வாங்கணும். மடக்குறதா, மடக்காததா? அந்தக் காலத்துல கத்தி விசயத்துல நீங்க பெரிய ஆளாமே?"

வாயால் சொன்னேன். அவர்கள் போன பிறகு, அரக்கைப் பற்றிச் சொன்னேனா, கயிற்றின் நீளத்தைச் சொன்னேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பயப்படுகிற ஆள். ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்கப்போகிறார் என்றதும் பள்ளிக்கூடத்துப் பின்சுவரைத் தாண்டினேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சில வருடம் கிடைத்த கூலிக்கு அலைந்துவிட்டு, மாமன் ஒருவர் சொல்லி சர்வே பார்ட்டியில் சேர்ந்தேன். முறுக்கு விழாமல் சங்கிலி வீசுவது, கொடிக்கம்பை ஆடாமல் நிறுத்துவது, கல் நடுகிற இடத்தில் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தால் சர்வேயருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது, எல்லாம் ஒரு வெள்ளாமைக் காலத்துக்குள் படிந்துவிட்டது. வரப்பும் கண்மாய்க் கரையும் இருக்கிற சமவெளியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலை வேலை என்றால்தான் வராமலிருக்கச் சாக்குத் தேடுவேன்.

மலைக்கு வண்டி ஏறாது. அடிவாரத்தில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் டேரா போட்டிருந்தோம். அங்கிருந்து அவனவன் சாமானை அவனவன் முதுகில் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய கான்வாஸ் பைகளை சர்க்கார் எங்களுக்குக் கொடுத்திருந்தது. தோள் இரண்டுக்கும் தோல்வார், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், அதற்கொரு பக்கிள். பக்கிள் எல்லாம் துருப்பிடித்துப் போனவை. போட்டால் கழற்ற இன்னொருவன் வேண்டும்.

வேதமாணிக்கம் ஐயா திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒல்லியான ஆள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கிளம்புவதற்கு முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "இன்னைக்கு என்ன கெட்டது நடக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்பார். அதற்கு வழி செய்த பிறகுதான் புறப்பாடு.

மாயாண்டி பாறை மாதிரி உடம்புக்காரன். மலைக்கு மேற்கே சொந்தமாகப் புஞ்சை வைத்திருக்கிற குடும்பம். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். "கெட்டதா? காதர் பாய் இன்னைக்கும் புளிக்கொழம்பு வைப்பாரு" என்பான். பாய், "அரே மாயாண்டி, மூணு தடவ வாங்கித் தின்ன வாயா பேசுது?" என்பார். என் முறை வந்தால் ஐயா கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருக்கும். என்னிடம் கெட்டது தீரவே தீராது.

ஆனால் அன்றைக்கு நடந்தது என் கணக்கிலும் இல்லை.

முகட்டுக்குச் சற்றுக் கீழே பாறை சாய்ந்து இறங்குகிற இடம். அதைக் குறுக்காகக் கடந்தால்தான் அடுத்த மேட்டுக்குப் போகலாம். தியோடலைட் பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் கடத்திவிட்டோம். கடைசியாக சுப்புராமன் தன் பையோடு வந்தான். காலடியில் சரளை உருண்டது. ஆள் சறுக்கிக்கொண்டே போய் விளிம்பைத் தாண்டினான். அங்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டமரத்து வேரில் அவன் பையின் வார் மாட்டிக்கொண்டது. நெஞ்சு வார் மேலேறிக் கழுத்தை இறுக்க, தொங்கினான். அவன் காலுக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் நல்ல அகலமான பாறைத்தட்டு. வாரை அறுத்துவிட்டால் நின்றுகொள்வான். அறுக்காவிட்டால் எங்கள் கண்முன்னே மூச்சு நின்றுவிடும்.

நான் குப்புறப் படுத்தேன். காதர் பாய் என் கால்களைப் பிடித்துக்கொண்டார். கை வாருக்கு எட்டியது. பக்கிளை நெம்பினேன், அசையவில்லை. அரிவாளைக் கழுத்துக்கும் வாருக்கும் நடுவே விட முடியாது. "மாயாண்டி, ஒன் மடக்குக்கத்தி!" என்று கத்தினேன். அவன் தவழ்ந்து வந்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். நகத்தால் நிமிண்டித் திறந்தான். திறந்து, நீட்டியிருந்த என் கைக்குப் பக்கத்தில் பாறைமேல் வைத்தான்.

நம் ஊரில் யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். அடுப்படியில் அரிவாள்மணைகூட அப்படித்தான், கீழே வைத்து, மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லித்தந்ததில்லை, கையே செய்துவிடும். மாயாண்டி கை அதைத்தான் செய்தது. என் கையும் அதைத்தான் எதிர்பார்த்தது போலிருக்கிறது, அவன் வைக்கும்வரை காத்திருந்தது. சரிந்த பாறை. கத்தி வழுக்கியது. சுப்புராமன் முகத்துக்கு நேராகத் தாண்டி, கல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே கீழே போய்விட்டது.

சர்வேயர் ஐயா மேலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை உடைத்து, கூரான சில்லு ஒன்றை என் உள்ளங்கையில் திணித்தார். கல்லுக்குச் சாஸ்திரம் இல்லை, கை வாங்கிக்கொண்டது. அந்தச் சில்லால் தோலை ராவினேன். சுப்புராமன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. வார் அறுந்து அவன் தட்டில் பொத்தென்று உட்கார்ந்தபோது எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது. அவனுக்கு அழக்கூடத் தொண்டை இல்லை.

டேராவுக்கு வந்த பிறகும் மாயாண்டி தன் கையையே திட்டிக்கொண்டிருந்தான். சுப்புராமன்தான் அவனைத் தேற்றினான். குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது. இடது கையில் உணர்ச்சியே இல்லை, துண்டால் தொட்டில் கட்டியிருந்தோம்.

"விடு மாப்ள. நானா இருந்தாலும் கீழதான் வச்சிருப்பேன்."

"வைக்காதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ?"

"எங்க சொல்ல? கழுத்துல வாரு கெடந்துச்சு."

சிரித்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் காலை ஐயா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது சுப்புராமன் சொன்னான்: "ஐயா, நான் இனிமே மேல வரல. சாவுக்குப் பயமில்ல. கத்தி என் மூக்குக்கு முன்னால கீழ போச்சுல்ல, கண்ண மூடுனா அதுதான் தெரியுது."

ஏறாத கலாசியின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டினால் அவன் அண்ணன் தறிக்குத்தான் திரும்பிப்போக வேண்டும். தெற்கு வெளிவீதிப் பக்கம் அவர்களுக்குச் சொந்தத் தறி இருந்தது. வீட்டில் அவர்கள் பேசுகிற வேறு பாஷையில் அண்ணன் திட்டுகிற திட்டை எங்களுக்குத் தமிழில் பெயர்த்துச் சொல்லிச் சிரிக்கவைப்பான். ஆனால் அங்கே திரும்புவது என்றால் அவனுக்குச் சிரிப்பில்லை. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் சோற்றில் ஒரு வருடம் இருந்து பார்த்தவன். இன்னொன்று, பட்டுநூல் பிடித்துப் பழகிய அவன் கையில்தான் தியோடலைட் ஆடாமல் அசையாமல் மலை ஏறும். அவன் இல்லாமல் முகட்டு வேலை மழைக்கு முன் முடியாது.

ஐயா கிராம்பை ஒதுக்கிக்கொண்டார். "கை சரியாகுத மட்டும் நீரு டேராவுலயே இரும். அதுக்குள்ள ஒரு வழி பாப்போம். என்ன வழின்னு எல்லாரும் சொல்லுங்க."

காதர் பாய், "இனிமே கத்திய கையிலயே குடுப்போம் ஐயா. சண்ட வந்தா வரட்டும்" என்றார்.

"உயிர் போற நேரத்துல புத்தி புதுசாப் படிக்காது பாய். பழகுன பக்கம்தான் ஓடும். நானே கீழதான் வைப்பேன்." ஐயா வேதக்காரர், கிறிஸ்தவர், ஆனாலும் அதில் எங்களைப் போலத்தான். "பழக்கத்த மாத்த முடியாது. கத்திய மாத்துவோம். யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டாம். ஆளுக்கொரு கத்தி, அவனவன் உடம்புல. முத்தையா, நீரே பாத்து எடுத்துட்டு வாரும்."

"நானா ஐயா?" என்று ஓர் அடி பின்னால் போனேன்.

"பின்ன? ஒரு கத்தியில என்னென்ன கெட்டது வரும்னு ஒம்ம விட்டா யாரு யோசிப்பா? ஒண்ணு மட்டும் பாத்துக்கிடும். கனமா இருந்துதுன்னா ரெண்டாம் நாளே டேராவுல போட்டுட்டு ஏறிருவானுவ."

எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு கண்டுபிடித்தோம். மாயாண்டி சாப்பாட்டை மறந்தாலும் வெற்றிலைப் பையை மறந்ததில்லை. அந்தப் பை என்ன கனமோ, கத்தி அதைத் தாண்டக் கூடாது. அரிசி நிறுக்கிற சின்னத் தராசில் ஒரு தட்டில் வெற்றிலைப் பை நிரந்தரமாக உட்கார்ந்தது. "என் வெத்தலைய சர்க்கார் எடுத்துக்கிருச்சு" என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கத்தியைச் சோதிக்க சுப்புராமனே கிடைத்தான். ஒரு கைதான் வேலை செய்தது அவனுக்கு. தொங்குகிறவனுக்கும் ஒரு கைதான் இருக்கும். அறுந்த வாரின் மிச்சத்தை அவன் நெஞ்சில் கட்டிவிட்டு, ஒவ்வொரு கத்தியாகக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், கீழே வைத்தேன்.

முதலில் டவுனில் வாங்கிவந்த சீமை மடக்குக்கத்தி. எலும்புப் பிடி, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, தராசிலும் தேறியது. ஆனால் ஒரு கையால் திறக்க வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். "அண்ணே, கழுத்து தப்பிச்சுது, பல்லு தப்பாது போலருக்கே" என்றான். அதோடு, ஒரு நாள் அது இடுப்போடு மணலில் புரண்டதும் மூட்டுக்குள் மண் போய்க் கடகடத்தது. மடக்குக்கத்தி அத்தோடு முடிந்தது. அவசரத்துக்கு உதவுகிற கத்திக்கு மூட்டு ஆகாது.

அடுத்தது மாயாண்டி தன் மச்சினனிடம் வாங்கிவந்த பிச்சுவா. இரண்டு பக்கமும் கூர். முதுகு இல்லாத கத்தி, கட்டைவிரலை வைத்து அழுத்த இடமில்லை. வாருக்கு அடியில் விட்டால் வாரும் அறுபடும், நெஞ்சும் அறுபடும். "இதக் கட்டிக்கிட்டு ரோட்டுல போனா, சர்வே பார்ட்டின்னா சொல்லுவான் போலீசு?" என்றேன். மாயாண்டி, "திருடப்போற எடத்தையும் அளந்துட்டுத்தான் போறோம்னு சொல்லு" என்றான்.

மூன்றாவது, அடுப்படிக் கத்தி. கனமில்லை, ஒரு பக்கம்தான் கூர், ஒரே இழுப்பில் வாரை அறுத்தது. சுப்புராமன் முகம் தெளிந்தது. "இதே போதும்ணே." எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அன்று மத்தியானம் வெயிலில் ஒரு பாறைமேல் அதைப் போட்டுவிட்டு சாப்பிட்டு வந்தேன். திரும்பி வந்து பிடியைத் தூக்கினால் பிடி மட்டும் வந்தது, அலகு பாறையிலேயே கிடந்தது. அலகின் வால் பிடிக்குள் பாதிதான் போயிருக்கும், ஓட்டைக்குள் அரக்கை உருக்கி ஊற்றிச் சொருகியிருப்பார்கள். அடுப்படி நிழலில் அது நூறு வருடம் நிற்கும். நாகமலைப் பாறைச் சூட்டில் அரக்கு இளகிவிடும்.

ஐயா பிடியையும் அலகையும் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தார். "இத நான் யோசிக்கவே இல்ல வே" என்றார். அன்று ராத்திரி நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆக, கடையில் கிடைக்காது, அடித்துத்தான் ஆக வேண்டும் என்றானது. தராசையும் வெற்றிலைப் பையையும் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் ஆறுமுக ஆசாரி பட்டறைக்குப் போனோம், நானும் சுப்புராமனும் மாயாண்டியும். கை விரல் நீளத்துக்கு அலகு, ஒரு பக்கம் கூர், முதுகு தடிமன், வால் பிடியின் கடைசிவரை வர வேண்டும் என்று மண்ணில் வரைந்து காட்டினேன். நுனி கூராக இருக்கக் கூடாது, விழும்போது குத்திவிடும். முதுகை வளைத்து நுனியைக் கூர்ப்பக்கம் இறக்கிவிட்டால், வாருக்கு அடியில் சதையைக் கீறாமல் நுழையும்.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குப்பா இந்த மூக்கறுபட்ட கத்தி?"

"சர்க்காருக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கு."

தேய்ந்த அரத்தைக் காய்ச்சி அடித்தார். நல்ல எஃகு. முதல் கத்தியை மாயாண்டியிடம் கொடுத்து ஒரு கட்டையில் குத்தித் திருகச் சொன்னேன். படக்கென்று ஒடிந்தது. ஆசாரிக்குக் கோபம். "மாட்டத் திருகுற மாதிரி திருகுனா?" என்றார். "மலையில மாடு மாதிரிதான் ஐயா திருகுவோம்" என்றேன். இரண்டாவது வளைந்தது. மூன்றாவதை எண்ணெயில் தோய்த்தெடுத்துத் தேய்த்து மறுபடி அனலில் காட்டினார். வைக்கோல் நிறம் ஓடி, அது கறுத்து, கத்தரிப்பூ நிறம் வருகிற நேரத்தில் நிறுத்தினார். அது ஒடியவும் இல்லை, வளையவும் இல்லை.

தராசில் வைத்தோம். இரண்டு பக்கமும் வேப்பம்பலகை வைத்து ஆணி அடித்த பிடியோடு, கத்தித் தட்டு கீழே போய்விட்டது. வெற்றிலைப் பை மேலே எழும்பிச் சிரித்தது. அலகைத் தேய்த்தால் முதுகு போகும், வாலைக் குறைத்தால் பழைய குறை வரும். சுப்புராமனுக்குக் கையில் உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது, மேலே வருகிறீரா என்று ஐயா கேட்கப்போகிற நாள் நெருங்கிவிட்டது.

சுப்புராமன் கத்தியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அண்ணே, மரம் எதுக்கு?" என்றான்.

"எதுக்கா? பிடிக்க வேண்டாமா?"

"பலகையத் தட்டி எடுங்க. நான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொண்டு தறியடியிலிருந்து கழிவு நூல் கொண்டுவந்தான். பல இழை சேர்த்து முறுக்கிக் கயிறாக்கினான். அதைத் தண்ணீரில் நனைத்து, வெறும் வாலின்மேல் நெருக்க நெருக்கச் சுற்றினான். காய்ந்ததும் அது இரும்போடு இரும்பாக இறுகிவிட்டது. வியர்வைக் கையில் மரப்பிடி வழுக்கும், இது வழுக்கவில்லை. அரக்கு இல்லை, உருகவும் இல்லை. மீதிக் கயிற்றை அறுக்காமல் விட்டான். நீட்டிய கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீளம். அதன் மறுமுனையைப் பையின் வாரில் கட்டாமல் உடம்பில் கட்டச் சொன்னேன், வாரை அறுத்தால் கத்தியும் போய்விடுமே. கை நழுவினாலும் கத்தி கீழே போகாது, நெஞ்சருகே தொங்கும்.

தராசில் வைத்தான். முள் நடுவில் நின்றது, பிறகு ஒரு மயிரிழை வெற்றிலைப் பக்கம் சாய்ந்தது. பட்டறையில் நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது.

ஐந்து அடித்தோம். தோல் உறை தைத்து, எந்தக் கையாலும் எட்டுகிற மாதிரி நெஞ்சின் நடுவில், பிடி கீழே பார்க்கத் தொங்கவிட்டோம். ஐயா டேராவில் பாய் விரித்து ஐந்தையும் அதில் வரிசையாக வைத்தார். அவனவன் அவனவன் கத்தியை எடுத்துக்கொண்டோம்.

மாயாண்டி தன்னுடையதைத் தூக்கிப் பார்த்தான். "இத வச்சு முருங்கைக்காய்கூட நறுக்க முடியாதுடா. கட்டியிருக்கேனா இல்லையான்னே தெரியல."

ஐயா சொன்னார்: "அதுக்குத்தான்யா இம்புட்டுப் பாடு."

சுப்புராமன் உறையைத் தடவிக்கொண்டே நின்றான். மறுநாள் காலை ஐயா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "நான் பெட்டியத் தூக்குறேன்யா" என்று மட்டும் சொன்னான். பழைய சரிவில் அவன் கால் வைத்தபோது அவன் வலது கை நெஞ்சுக்குப் போனதைப் பார்த்தேன். கடந்துவிட்டான். மேட்டில் போய் நின்று, திரும்பி எங்களைப் பார்த்து, "என்னண்ணே, வரலையா?" என்றான். இனி அவன் பெயரை யாரும் வெட்ட முடியாது என்று நினைத்தேன். ஆனால் முகடு இன்னும் பாக்கி இருந்தது.

கடைசிக் கல் நடுகிற இடத்தில் பார்வைக்குக் குறுக்கே ஒரு பாறை அத்தி மரம் நின்றது. அதை வெட்டினால்தான் திருப்பரங்குன்றம் மலைமேல் நாங்கள் கட்டியிருந்த கொடி தெரியும். மாயாண்டி வெட்டினான். மரம் ஆடிச் சாய்ந்தது. அதற்கு நேர் கீழே பாறை மடிப்பில் மலைத்தேனீக் கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

முதலில் சத்தம் வந்தது. அடுத்து வெளிச்சமே மங்கியது. காதர் பாய் "யா அல்லா!" என்றார். பத்தடி தள்ளி ஒரு பாறை வெடிப்பு, உள்ளே குகை மாதிரி. ஆனால் வாய் குறுகல், முதுகுப் பையோடு ஒருவனும் நுழைய முடியாது. துருப்பிடித்த பக்கிளைக் கழற்ற ஒருவனுக்கு இன்னொருவன் வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் யார் கழற்றுவது?

நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். ஒரு கையால் முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டேன். மறுகை நெஞ்சுக்குப் போனது. நுனி வாருக்கடியில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. ஒரு இழுப்பு, தோளை ஒரு உதறல், பை தொப்பென்று விழுந்தது. பக்கத்தில் இன்னொரு தொப். இன்னொன்று. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாயாண்டி தலைப்பாகையால் தலையைச் சுற்றிக்கொண்டு எருமை மாதிரி உள்ளே பாய்ந்தான். காதர் பாயை ஐயா தள்ளினார். நான் நுழைந்து திரும்பிப் பார்த்தால் சுப்புராமன் வெளியே நிற்கிறான். முதுகுப் பெட்டியின் வாரை அறுத்தவன், பெட்டியைக் கீழே போடாமல் கையில் தாங்கி, பிள்ளையை இறக்குகிற மாதிரி முதலில் அதை எங்களிடம் நீட்டினான். அப்புறம்தான் தான் வந்தான்.

காதர் பாய் தோளில் கிடந்த கம்பளியால் வெடிப்பு வாயை அடைத்தோம். இருட்டில் ஐந்து மூச்சும் வெளியே ஆயிரம் இரைச்சலும். கொஞ்ச நேரம் கழித்து மாயாண்டி குரல்:

"முத்தையா."

"என்ன?"

"முருங்கைக்காய் நறுக்கும்டா."

காதர் பாய் சிரித்த சிரிப்பில் கம்பளி விலகி, இன்னும் இரண்டு தேனீ உள்ளே வந்தது.

வெயில் சாயும்போது வெளியே வந்தோம். ஆளாளுக்கு முகம் பணியாரமாக வீங்கியிருந்தது. ஐயாவுக்கு உதடு திறக்கவில்லை, சைகையிலேயே தியோடலைட்டை நிறுத்தச் சொன்னார். சுப்புராமன் பெட்டியைத் திறந்தான், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. திருப்பரங்குன்றம் மலைமேல் எங்கள் கொடி, எள்ளளவாக, தெளிவாகத் தெரிந்தது. ஐயா ஒரு கண் வீங்கிப்போனதால் மறுகண்ணால் கோணம் எடுத்தார். எடுத்து, கூட்டி, மறுபடி கூட்டி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகடு முடிந்தது. மழை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வருடமே சுப்புராமனை நிரந்தரம் செய்தார்கள். மற்றப் பார்ட்டிக்காரர்கள் டேரா தேடி வந்து அந்தக் கத்தியைப் பார்த்து வரைந்துகொண்டு போனார்கள். ஆறுமுக ஆசாரி பட்டறையில் அதற்கு "மூக்கறுபட்டான்" என்றே பெயர் விழுந்துவிட்டது. கேட்டு வருகிறவர்களிடம், "சர்க்கார் கத்தியா? நம்மதுதான்" என்பார்.

அதற்கு மேல் ஒரு சிறு வால் உண்டு. ஆபீசில் கணக்குப் பார்த்தவர்கள், சர்க்கார் சொத்தான தோல்வார்களை ஐந்து பேரும் வேண்டுமென்றே வெட்டியதாக ஆட்சேபணை எழுதினார்கள். வெட்டியவர்களிடமிருந்து கிரயத்தை வசூலிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஐயா வேண்டாம் என்று சொல்லியும் மற்றவர்கள் சள்ளை வேண்டாம் என்று கட்டிவிட்டார்கள். முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்தபோது வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் நானே பதில் எழுதினேன்: "மேற்படி வாரை அறுத்தது நான்தான். அறுத்ததால்தான் இந்தப் பதிலை எழுத ஆள் இருக்கிறான். பணம் கட்ட மாட்டேன்." ஐயா அதைப் படித்து, ஒரு எழுத்தும் திருத்தாமல், கீழே தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினார்.

வருடாவருடம் அந்தக் காகிதம் வந்தது. வருடாவருடம் அதே பதில் போனது. நான் ஓய்வு பெற்ற அன்றும் அது தீரவில்லை, தீர்க்கவும் மாட்டேன். ஆபீஸ் ஏட்டில் அது இப்படியே கிடக்கட்டும்: முத்தையா, சங்கிலிக் கலாசி, தோல்வார் ஒன்று, நிலுவை: ஒரு ரூபாய் ஏழணா.